பதினைந்து நாளில் பதினொரு ஊர்

இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்தொன்று. குருவுக்குத் தாடியும் கிடையாது, பெயர் மரகதவல்லி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் சுற்றுலா ஆபீஸ் வைத்திருக்கிறார்.

சீடர் ஞானசிகாமணி, ரிட்டயரான பூகோள வாத்தியார். முப்பது வருஷம் பிள்ளைகளை இந்தியா படம் வரைய வைத்தவர். படத்தில் புள்ளி வைத்த ஊர் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. பயணத் திட்டம் போடக் கற்றுக்கொடுங்கள் என்று ஆறு சனிக்கிழமையாக மாடியேறி வருகிறார். ஆறு தடவையும் "இன்னும் ஆகலை சார்" என்று குரு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எல்லாம் மனைவி பூரணத்துக்காகத்தான். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்த அம்மாள் போன தூரம் திருப்பதி. சித்திரையில் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். வந்துவிட்டால் பச்சைப் பிள்ளையை விட்டு நகர முடியாது. அதற்கு முன்னால் மாசியில் பதினைந்து நாள் கையில் இருக்கிறது. அதற்குள் பூரணத்துக்கு இந்தியாவையே காட்டிவிட வேண்டும் என்று வாத்தியார் ஒற்றைக் காலில் நின்றார். நல்ல மனுஷன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏழாவது சனிக்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"இந்தத் தடவை நீங்க குறையே சொல்ல முடியாது மேடம். பனி, பாலைவனம், மலை, கடல், கங்கை. ஒண்ணையும் விடலை."

மரகதவல்லி பக்கம் பக்கமாகப் படித்தார்.

"சபாஷ் சார்! ரயில் நேரத்துல ஒரு பிசகு இல்லை. ஜெய்சால்மருக்கு ரெண்டு நாள் குடுத்திருக்கீங்க பாருங்க, அது அழகு."

வாத்தியாருக்கு முகமெல்லாம் பல்.

குரு கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். எடுத்துப்போக வேண்டிய சாமான்கள்: கரண்ட் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், அரிசி எட்டு கிலோ, பருப்பு, ரசப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய்.

"இது என்ன சார்?"

"எனக்குச் சப்பாத்தி ஒத்துக்காதுங்க. ரெண்டு நாள் தின்னா வயிறு கல்லாயிரும். ரசஞ்சோறு மட்டும் இருந்துட்டா, காஷ்மீர் என்ன, காசி என்ன, நான் பாட்டுக்கு ஜம்முனு இருப்பேன்."

"பொங்கறது யாரு?"

"பூரணம்தான். அரை மணி நேர வேலை. அவளுக்கென்ன, கண்ணை மூடிக்கிட்டு வைப்பா."

நானாக இருந்தால் அங்கேயே நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன். மரகதவல்லி கேட்கவில்லை. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு கோடு கிழித்து, அவர் முன்னால் வைத்தார்.

"இந்தப் பக்கம் நீங்க. அந்தப் பக்கம் அக்கா. ஊர் ஊரா, யார் என்ன செய்வீங்கன்னு எழுதுங்க."

"இவ்வளவுதானே!" வாத்தியார் மளமளவென்று ஆரம்பித்தார்.

ஸ்ரீநகர், காலை ஆறு மணி. நான்: ஏரியில் படகு. பூரணம்:

பேனா நின்றது.

"எட்டு மணிக்குக் கிளம்பணும்ல மேடம். அந்த நேரத்துல அவ சோறு கட்டணுமே."

"எழுதுங்க."

பூரணம்: சோறு கட்டுதல்.

ஜெய்சால்மர், சாயங்காலம். நான்: மணல்மேட்டில் சூரிய அஸ்தமனம்.

"அங்க அவளும் வருவா மேடம்! ஆனா கொஞ்சம் முன்னாலயே திரும்பிருவா. உலை வைக்கணும் பாருங்க."

"எழுதுங்க."

காசி. நான்: கங்கையில் குளியல். பூரணம்: பாத்திரம் கழுவுதல், லாட்ஜ்காரனுக்குத் தெரியாமல்.

இந்தக் கடைசி இரண்டு வார்த்தையை யாரும் கேட்கவில்லை. நாணயமான மனுஷன், தானாகவே எழுதினார். அதற்கப்புறம் பேனா ஓடவில்லை. டார்ஜிலிங் வந்ததும் அதை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"அவளைக் கேட்டுத்தான் மேடம் செஞ்சேன். அடுப்பை எடுத்துக்குவமான்னேன். சரின்னாளே."

"அக்கா இதுவரைக்கும் எதுக்காவது முடியாதுன்னு சொல்லியிருக்காங்களா சார்?"

வாத்தியார் யோசித்தார். முப்பது வருஷத்தையும் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

குரு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க பக்கம் இந்தியா இருக்கு சார். அவங்க பக்கம் திண்டுக்கல்தான் இருக்கு."

வாத்தியார் பேனாவை எடுத்துச் சாமான் பட்டியலை அடிக்க ஆரம்பித்தார். அடுப்பு போயிற்று. குக்கர் போயிற்று. அரிசி, பருப்பு, ரசப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் போயிற்று. ஊறுகாயில் கை சற்றுத் தயங்கியது, அதையும் அடித்தார்.

அடித்து முடித்ததும் பாவம், நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார்.

"அப்ப பதினைஞ்சு நாளும் நான் என்னத்தைச் சாப்பிடறது மேடம்?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே சார் ஊர் ஊராப் போறீங்க."