சுவரேறிப் போன சருகுமான்

பேராக் மாநிலத்தில் சுங்கை லாடா என்றொரு ஊர். அந்த ஊரில் அறிவாளிகளுக்குக் குறைவே கிடையாது. நாலு அறிவாளிகள் ஒரே மாடியில், ஒரே காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே சைக்கிள் கடை, மேலே அவர்களுடைய படக்கூடம். கல்யாண வீடியோ எடுப்பார்கள், கடைப் பலகை எழுதுவார்கள். ஒரு கல்யாண வீட்டில், "மாப்பிள்ளைய விட்டுக் கேமராவ நகர்த்தாதீங்க" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் மாப்பிள்ளை வீட்டிலேயே தங்கி, அவர் பல் விளக்கியதைக்கூட விடாமல் எடுத்துக் கொடுத்தார்கள். பெண்தான் வீடியோவில் ஒரு இடத்திலும் விழவில்லை. சொன்னதைச் செய்கிறவர்கள் என்று அன்றைக்குக் கிடைத்த பெயர் இன்றுவரை நிற்கிறது.

நால்வருக்கும் தலைவன் கன்னியப்பன். வயது முப்பத்தொன்பது. பாலர் பள்ளி ஆசிரியை புனிதவதியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவனுடைய ஆறு வருட ஆசை. அவளுக்கும் சம்மதம்தான். அறிவாளியைக் கட்டிக்கொண்டால் வீட்டில் பொழுது போகும் என்று நினைத்தாளோ என்னவோ. குறுக்கே நின்றவர் அவளுடைய அப்பா ஆளவந்தார், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். கன்னியப்பன் பாதியில் விட்ட கோழிக்கூண்டு, பாதியில் விட்ட மிருதங்கம், பாதியில் விட்ட மீசை எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"ஆரம்பிச்சு முடிச்ச காரியம் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க தம்பி," என்றார் அவர். "மார்ச் முதல் சனிக்கிழம, காலைல பத்து மணி. பதினொண்ணு அடிக்கிறப்ப கையில ஒண்ணும் இல்லன்னா, ஈப்போ மாப்பிள்ள வீட்டுக்குப் போன் போட்டுடுவேன்."

பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் படம் எடுத்துக் காட்டுவது என்று கன்னியப்பன் முடிவு செய்தான். புனிதவதிக்கு ஒரே சந்தோஷம். எடுத்ததும் முதலில் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும் என்று ஆசையாகச் சொன்னாள். அவள் வாக்கு வேதம். எடுத்த படத்தை நால்வரும் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

கதைக்கு பாக் லே என்கிற மலாய்க்காரப் பெரியவரைப் பிடித்தார்கள். நாலு நாள் சாப்பாட்டுக் கடையில் அவருக்கு நுரை பொங்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து, காட்டுக் கதைகளைக் கேட்டார்கள். ஆறு வற்றிப்போகிறது. ஒரு சருகுமான், முயல் அளவுகூட இல்லாத குட்டிப் பிராணி, தண்ணீர் தேடி மலைக்குப் புறப்படுகிறது. வழியில் ஒரு புலி. மலையுச்சியில் மனிதக் கண்ணுக்குத் தெரியாத காட்டு மக்கள். மலாய்க்காரர்கள் பூனியான் என்று சொல்லும் அவர்கள், மானுக்கு விருந்து வைத்து ஊற்றைத் திறந்துவிடுகிறார்கள். நல்ல கதை. எந்த ஊரிலும், யார் எடுத்தாலும் ஓடியிருக்கும்.

எழுந்து போகும்போது பாக் லே அக்கறையாக மூன்று விஷயம் சொன்னார். காட்டுக்குள் கால் வைக்குமுன் அதைக் காக்கும் தெய்வமான காவல் தாத்தாவிடம் உத்தரவு கேட்க வேண்டும். காட்டில் அந்த வரிப் பிராணியின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் வந்துவிடும். பூனியான்களை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. காட்டுக்குப் போகிறவர்களுக்கான புத்திமதி அது. இவர்கள் மாடிக்குத்தான் போனார்கள். ஆனாலும் விடவில்லை.

படம் வரைவது சாமிதுரை. பென்சில் காட்டுக்குள் போகிறதே, அது மட்டும் உத்தரவில்லாமல் போகலாமா என்று அவனுக்குச் சந்தேகம். ஒவ்வொரு மரம் வரைவதற்கு முன்னும் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று, "தாத்தா, உள்ள வரோம், கோவிச்சுக்காதீங்க" என்று கும்பிட்டான். வரைந்து முடித்ததும், வெளியே வந்துவிட்டதாக ஒரு தகவல். ஒரு மூங்கில் புதருக்கு இரண்டு நாள் ஆனது. கீழே சைக்கிள் கடைக்காரர், மேலே யாரோ தாத்தா படுத்த படுக்கையாய்க் கிடக்கிறார் போலிருக்கிறது என்று பிஸ்கட் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

வசனம் எழுதுகிறவன் லெட்சுமணன். புலி வரும் இடத்தில் அவன் "அது வருகிறது" என்று மட்டும் எழுதி வைத்திருந்தான். நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு புலி, புலி என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். அவர்கள் அப்படி அஜாக்கிரதையான ஆட்கள் இல்லை. பாக் லே அதைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு சாமிதுரை பல்வலியால் வரவில்லை, மற்ற இரண்டு புத்திமதியை மட்டும் இவர்கள் அவனிடம் சொல்லியிருந்தார்கள். எதை வரைவது என்று அவனுக்குத் தெரியவில்லை, சொல்வதற்கு யாருக்கும் தைரியமும் இல்லை.

"கொம்பு இருக்குமா?" என்று கேட்டான் சாமிதுரை.

மூவரும் தலையை ஆட்டி மறுத்தார்கள்.

"உனக்கு அதப் பாத்தா பயமாண்ணே?"

கன்னியப்பன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"ராத்திரில தூக்கம் வராதா?"

வராது என்று சைகை செய்தான்.

சாமிதுரைக்குப் புரிந்துவிட்டது. வெள்ளைச் சட்டை, கறுப்புத் தொப்பி, ஒரு கையில் பச்சைக் கொடி, மறு கையில் விசிலோடு, மூங்கில் காட்டின் நடுவே ஆளவந்தாரை அச்சு அசலாக வரைந்து வைத்தான். மற்ற மூவரும் படத்தைப் பார்த்தார்கள். இது அது இல்லை என்று சொல்லப்போனால், எது அது என்று சொல்ல வேண்டி வரும். பேசாமல் விட்டுவிட்டார்கள்.

பூனியான் விருந்துக்குப் பதினொரு நாள் பிடித்தது. முந்நூறு பேர் கூடிப் பாட்டும் ஆட்டமுமாக இருக்கும் காட்சி. சாமிதுரை வியர்வை சொட்ட வரைந்து கொண்டுவந்த தாள்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. கண்ணுக்குத் தெரியாதவர்களைத் தெரியும்படி வரைந்தால் அது பித்தலாட்டம் என்றான் அவன். அதை யாரும் மறுக்கவில்லை. விவாதம் வேறு இடத்தில் கிளம்பியது.

"சட்டையாவது தெரியணும்ல?" என்றான் சத்தம் சேர்க்கும் வேதமுத்து.

"சட்டை மட்டும் தெரிஞ்சா, அதுக்குள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சிடுமேடா," என்றான் சாமிதுரை.

"சோறு?"

"தட்டுல இருக்கற வரைக்கும் தெரியும். அவங்க எல்லாரும் சாப்பிட்டு முடிச்சாச்சு."

"மரம், பாறை?"

"முந்நூறு பேர் மறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. எப்படித் தெரியும்?"

கன்னியப்பன் தாளைத் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தான். இடது மூலையில் கூட்டம் கொஞ்சம் நெரிசலாக இருக்கிறது என்றான். சாமிதுரை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போய் அந்த மூலையை ரப்பரால் அழித்துவிட்டு வந்தான். இப்போது பரவாயில்லை, காற்றோட்டமாக இருக்கிறது என்று எல்லோருக்கும் திருப்தி.

இனி மானை ஓடவைக்க வேண்டியதுதான் பாக்கி. கோலாலம்பூரில் கார்ட்டூன் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் போனில் பிடித்து நுட்பம் கேட்டார்கள். ஒரு நொடிக்கு இருபத்து நாலு படம் வேண்டும் என்றாள். முகம், காது, கால் எல்லாம் ஒவ்வொரு படத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், மாறினால் பிள்ளைகள் சிரிக்கும் என்றும் சொன்னாள். மேலே ஏதோ சொல்ல வந்தாள். இவ்வளவு போதும் என்று நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் அந்த மாடியில் நடந்த உழைப்பு இருக்கிறதே, அதை வேறு எதற்காவது செலவழித்திருந்தால் ஊருக்கு ஒரு பாலம் கிடைத்திருக்கும். சருகுமான் ஆற்றங்கரையில் முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நிற்கிறது. அதே மான், அதே கால், அதே தூக்கல், ஆயிரக்கணக்கில். கன்னியப்பன் ஜன்னல் கண்ணாடியில் ஒரு தாளின் மேல் இன்னொரு தாளை ஒட்டி வெளிச்சத்தில் சரிபார்த்தான். ஒரு நூல் அளவு கால் நகர்ந்திருந்தாலும் கிழித்துப் போட்டான். இப்படிக் கிழிபட்ட தாள்களைப் புரட்டியிருந்தால் மான் ஓடியிருக்கும். அவை கீழே சைக்கிள் கடையில் எண்ணெய் துடைக்கப் போயின.

மார்ச் முதல் சனிக்கிழமை. ஊர் மண்டபத்தில் நூற்றைம்பது பிள்ளைகள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. முன்வரிசையில் தும்பைப்பூச் சட்டையும் கைக்கடிகாரமுமாக ஆளவந்தார். பக்கத்தில் புனிதவதி. படம் முடிந்தால் கல்யாணம், முடியாவிட்டால் ஈப்போ.

சரியாகப் பத்துக்கு புரொஜெக்டர் எரிந்தது. முதல் காட்சியிலேயே அது வந்தது. மூங்கில் காட்டில் பச்சைக் கொடியோடு நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிள்ளைகள் திரையையும் முன்வரிசையையும் மாறி மாறிப் பார்த்தன. கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். ஆளவந்தாரோ நிமிர்ந்து உட்கார்ந்தார். காடாகவே இருக்கட்டும், சட்டை கசங்காமல் ஒரு மனிதன் பொறுப்பாக நிற்கிறான் பார் என்று மகளிடம் மெல்லச் சொன்னார். கொடியைப் பிடித்திருக்கும் கோணம் சரி என்றும் சொன்னார்.

அடுத்து ஆற்றங்கரையில் மான். கைதட்டல். ஒரு நிமிடம் போயிற்று. மூன்று நிமிடம் போயிற்று.

"ஏன் நிக்குது?" என்றது ஒரு பிள்ளை.

"யோசிக்குது," என்றான் கன்னியப்பன்.

பத்து நிமிடம். வேறு யாருடைய யோசனைக்கும் இந்த ஊர் அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை. "ஓடு, ஓடு" என்று பிள்ளைகள் தரையைக் காலால் உதைக்க ஆரம்பித்தன. ஆளவந்தார் கடிகாரத்தைப் பார்த்தார். அதை அவர் பார்த்த விதத்தில் ஈப்போ ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது.

நால்வரும் இருட்டில் குனிந்து கூடினார்கள். மானுக்கு வெட்கம் என்றான் வேதமுத்து. திரை சின்னதாக இருப்பதால் ஓட இடமில்லை என்றான் லெட்சுமணன். இதில் நியாயம் இருந்தது. இரண்டு பேர் திரையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மான் சுவரில் போய் நின்றது, அங்கேயும் யோசித்தது.

"தூக்குடா அந்த மிஷின," என்றான் கன்னியப்பன். பதறினால் மனிதனுக்கு எங்கிருந்தோ புத்தி வந்துவிடுகிறது.

வேதமுத்து புரொஜெக்டரைத் தோளில் தூக்கினான். நீள ஒயரைப் பிடித்துக்கொண்டு சாமிதுரை பின்னால் நடந்தான். என்ன ஆச்சரியம், மான் ஓடியது. சுவரில் ஓடியது, சுவர்க் கடிகாரத்தைத் தாண்டியது, காற்றாடியில் ஏறி இறங்கியது, ஆளவந்தாரின் வெள்ளைச் சட்டையில் குறுக்கே பாய்ந்து போனது. பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறிக் கத்தின. புனிதவதி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வேதமுத்துவுக்கும் உற்சாகம் தாங்கவில்லை. மான் வாசல் பக்கம் போனது. வாசலைத் திறந்து வழி விட்டார்கள். மிஷினோடு இவனும் பின்னாலேயே வெளியே போனான்.

வெளியே பத்தரை மணி வெயில். மானைக் காணோம்.

எதிர்க்கடைச் சுவரில் பார்த்தார்கள், இல்லை. நிறுத்தியிருந்த வேனில் பார்த்தார்கள், இல்லை. புரொஜெக்டரை அவசரமாக உள்ளே கொண்டுவந்து சுவரில் காட்டினார்கள். அதற்குள் படம் பூனியான் விருந்துக்குப் போய்விட்டிருந்தது. சுவர் முழுக்க வெள்ளை வெளிச்சம்.

"நம்ம கூட்டம் பூரா வந்திருக்கு," என்றான் சாமிதுரை, சுவரை நெருங்கிப் பார்த்து. "மான் மட்டும் இல்ல."

கதவைச் சாத்துவதா, திறந்து வைப்பதா என்று விவாதம் வந்தது. சாத்தினால் திரும்பி வர வழியில்லை, திறந்து வைத்தால் இருக்கிற பூனியான்களும் போய்விடுவார்கள். பாதி திறந்து வைத்தார்கள். படத்தை முதலிலிருந்து திருப்பிப் போட்டால் மான் வந்துவிடுமே என்றாள் புனிதவதி. ஆளவந்தார் அவளை முறைத்தார். கிளம்பிப்போன வண்டியைப் பின்னால் இழுப்பது எந்த இலாகாவிலும் அனுமதி இல்லாத காரியம் என்றார்.

பதினொன்று அடித்தது. கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு அவர் முன்னால் போய் நின்றான். ஈப்போ நம்பரைத் தானே அழுத்திக் கொடுக்கத் தயாராக இருந்தான்.

ஆளவந்தாருக்குப் போன் ஞாபகமே இல்லை. முப்பத்திரண்டு வருட சேவையில் அவர் ஸ்டேஷனில் ஒரு குடை காணாமல் போனால்கூடப் புகார் எழுதாமல் விட்டதில்லை. அவர் கண்ணெதிரே, அவர் சட்டை மேலேயே ஒரு மான் ஓடிப்போயிருக்கிறது. நேரடி சாட்சி அவர்தான். கன்னியப்பனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகப் போலீஸ் நிலையம் போனார். பின்னால் மூன்று அறிவாளிகள், அவர்களுக்குப் பின்னால் நூற்றைம்பது பிள்ளைகள்.

அங்கே சார்ஜன் தனபாலன் உத்தியோகத்துக்குப் புதிது. ஓய்வுபெற்ற பெரிய மனிதரே நேரில் வந்திருக்கிறார் என்று மரியாதையாக நாற்காலி போட்டுப் பேனாவை எடுத்தார். காணாமல் போனது என்ன, எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தார்.

"உயரம்?"

"சுவர்ல எட்டடி சார்," என்றான் கன்னியப்பன். "கதவுகிட்ட நாலடி. ஐயா சட்டைல வர்றப்ப ஒரு முழம்."

சார்ஜன் பேனாவை நிறுத்தி ஆளவந்தாரைப் பார்த்தார்.

"எழுதுங்க, நான் பார்த்தேன்," என்றார் ஆளவந்தார். "ஒரு முழத்துக்கு மேல இருக்காது."

சார்ஜன் எழுதினார். புகார் கொடுப்பவருக்கு நீங்கள் என்ன உறவு என்று அடுத்த கட்டத்துக்கு வந்தார்.

"மாமனார்," என்றார் ஆளவந்தார், கடிகாரத்தைப் பார்க்காமல். "வர்ற வைகாசியில இருந்து."

கன்னியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று அறிவாளிகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் புனிதவதி, பிள்ளைகளைச் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சார்ஜன் தாளின் கடைசி வரிக்கு வந்திருந்தார். "தப்பிச்சுப் போறப்ப அது நடந்து போச்சா, ஓடிப் போச்சா?"

கன்னியப்பன் யோசித்தான். போலீசில் பொய் சொல்லக் கூடாது. ஆயிரக்கணக்கான தாளை ஜன்னலில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தவன் அவன்.

"ரெண்டும் இல்ல சார்," என்றான். "நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு."