மாந்தோப்பின் சோற்றைத் திருடியவர்

ஜமீன்தாரின் மாந்தோப்பு வாடியதும் மரங்களுக்கு விஷம் வைத்ததாகப் பழி தோட்டக்காரன் மாசாணத்தின் மேல் விழுந்தது. அவனைக் கொட்டடியில் அடைத்துவிட்டார்கள். அவன் மனைவி வெள்ளைத்தாய் அரண்மனை முற்றத்தில் வந்து நின்றாள். ஊரே கூடியிருந்தது.

"விஷம் வச்சது உன் புருஷன் இல்லேன்னா வேற யாரு?" என்றார் ஜமீன்தார்.

"விஷம் இல்லீங்க எசமான், திருட்டு. உதிர்ந்த எலை மக்கி, மண்புழு தின்னு மண்ணாக்கினாத்தான் மரத்துக்குச் சோறு. அந்தச் சோத்தை ஒருத்தர் தினமும் அள்ளவச்சார். மண்ணு செங்கல்லா இறுகிப்போச்சு."

"எவனா இருந்தாலும் ஊரை விட்டே துரத்துறேன். பேரைச் சொல்லு."

கொட்டடிக்குள் புருஷன் இருமுவது கேட்டது.

"தோப்புல ஒரு சருகு கெடக்கக்கூடாது, கூட்டி எரிங்கன்னு உத்தரவு போட்டவர் பேருங்க. புருஷன் பேரையும் எசமான் பேரையும் வாயால சொல்ற வழக்கம் எங்களுக்கு இல்லீங்களே."

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொட்டடியைத் திற" என்ற ஜமீன்தாரின் குரல் கேட்டது.

மறுநாள் முதல் தோப்புக்குள் துடைப்பம் நுழையவில்லை. ஊரை விட்டுத் துரத்தும் பேச்சை ஜமீன்தாரும் எடுக்கவில்லை.