ஒரு ஆளுக்குச் சோறு

காப்பகத்தில் வளர்கிற பிள்ளைகள் பதினெட்டு வயது முடிந்தால் வெளியே வந்துவிட வேண்டும். வந்த பிறகு வாடகைக்கு இடம் பிடிப்பது, வேலையில் நிலைப்பது, காய்ச்சல் வந்தால் எங்கே போவது என்று கூட இருந்து பழக்கிவிட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆட்களைப் பழக்குகிற வேலை செல்லையாவுடையது. பாளையங்கோட்டையில் ஒரு பாத்திரக்கடை மாடியில் வகுப்பு நடத்தினார். அவரிடம் படித்தவர்கள் அவரை ஆசான் என்றார்கள். அந்தப் பட்டம் அவருக்குப் பிடிக்காது.

ஒரு சனிக்கிழமை மதியம், வழக்கம்போல, வடிவு படியேறி வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவரிடம் படித்துவிட்டு, காப்பகத்திலிருந்து வந்த பிள்ளைகளில் மூன்றாவதாக இப்போது ரோஸ்லினைப் பார்த்துக்கொள்கிறவள். சாப்பாட்டுப் பையை மேஜையில் தொப்பென்று வைத்தாள்.

“என்னால முடியல ஆசான். ரோஸ்லினை விடுதியில சேர்த்துருங்க.”

“ஆசான்னு கூப்பிடாதன்னு எத்தனை தடவை சொல்லுதது? விடுதிக்குப் போறேன்னு அவ சொன்னாளா?”

“அவ எங்க சொல்லுதா? அழுதா. ‘ரூமை மட்டும் பிடுங்கிராதீங்க டீச்சர்’ங்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விடுதியில எடுத்துக்கிடுவாங்க.”

“என்ன செஞ்சா அப்படி?”

“சோறு பொங்குனா.”

செல்லையா நிமிர்ந்து பார்த்தார்.

“சிரிக்காதீங்க. காப்பகத்து அடுக்களையில தொண்ணூறு பேருக்கு வடிச்ச கை. குறைச்சு வடிக்கத் தெரியல. தினமும் பானை நிறையச் சோறு. மிஞ்சினா என்ன செய்வா? மாடி வீட்டுப் பிள்ளைங்க, எதுத்த கடையில மூட்டை தூக்குத ஆளு, போதாததுக்கு ரெண்டு நாய், எல்லாம் அவ வாசல்ல. ‘இது வீடா, கல்யாண மண்டபமா? காலி பண்ணச் சொல்லுங்க’ன்னு வீட்டுக்காரர் எனக்குப் போன் போடுதாரு.”

“சரி.”

“என்ன சரி? நான் போயி சின்ன குக்கர் ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். ஒரு டம்ளர் அரிசி, ரெண்டரை டம்ளர் தண்ணி. பக்கத்துல நின்னு பழக்குனேன். கணக்கா வச்சா. வாசல்ல நின்ன கூட்டமும் போச்சு. வீட்டுக்காரரும் அடங்குனாரு.”

“நல்லாத்தான பழக்கியிருக்க?”

“எங்க? நேத்து வேலை பாக்குத கடையில மயங்கி விழுந்துட்டா. கூட்டிட்டு வந்து ரூமைத் திறந்தா, குக்கர்ல வச்ச சோறு அப்படியே இருக்கு. முந்தின நாள் சோறு ஒரு சட்டியில, தண்ணி ஊத்தி. ஆக்கிட்டுத் திங்காம இருக்கா ஆசான்! ஏன்ட்டின்னு கேட்டா, ‘பசிக்கல டீச்சர்’ங்கா. தன் வயித்தைப் பாக்கத் தெரியாதவ தனியா எப்படி இருப்பா? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?”

“ஏன்தான் இப்படி உயிரை வாங்குதீங்களோ” என்று முனகிக்கொண்டே செல்லையா எழுந்தார். “பையில என்ன?”

“எலுமிச்சம்பழச் சோறு. உருளைக்கிழங்குப் பொரியல்.”

“சாப்பிடு.”

“நீங்க?”

“நான் சாப்பிட்டாச்சு. அந்த செல்லை இங்க கொடு.”

செல்போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுக் கீழே போனார்.

வடிவு டப்பாவைத் திறந்தாள். வகுப்பு நாற்காலிகள் எல்லாம் காலியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. மின்விசிறி கடகடவென்று சுற்றியது. ஒரு வாய் எடுத்துவைத்தாள். விழுங்கினாள். கதவைப் பார்த்தாள். கீழே பாத்திரக்கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு டப்பாவை மூடி, கை கழுவிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள்.

நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டுத்தான் அவர் மேலே வந்தார். டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது.

“ஏன் சாப்பிடல?”

“பசிக்கல.”

சொன்ன வாய் அப்படியே நின்றது.

செல்லையா டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு அவளையே பார்த்தார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“என்ன பாக்கீங்க? நானும் அவளும் ஒண்ணா?”

“வாசல்ல நின்ன கூட்டம் போச்சுன்னியே. அதுக்கு அப்புறந்தான அவ திங்காம இருக்கா?”

வடிவு சற்று யோசித்தாள். “ஆமா.”

“நீ அந்த ரூமுக்குப் போயி எத்தனை நாள் அளந்து கொடுத்த?”

“ஒரு வாரம்.”

“எத்தனை நாள் அங்க சாப்பிட்ட?”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் உயர்ந்தது.

“அதுக்காகத் தினமும் நான் போயி அவ எதுத்தாப்ல உக்கார முடியுமா? எனக்கு வீடு இல்லையா, பள்ளிக்கூடம் இல்லையா? தன் காலுல நிக்கணும்னு சொல்லித்தான நீங்க எங்களைப் பழக்குனீங்க? இப்படிக் கூடவே உக்காந்துக்கிட்டு இருந்தா அவ எப்பதான் தனியா இருக்கப் பழகுவா?”

செல்லையா அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்து, ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

“உனக்கு வகுப்பு முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. சனிக்கிழமை ஆனா இந்த டப்பாவைத் தூக்கிக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி, இங்க எதுக்கு வார?”