மன்றத்து முழங்கை

ஒத்தக்கரட்டு ஊரார் எந்தக் காரியத்தையும் பாதியில் விடமாட்டார்கள். தொடங்கியது தவறு என்று தெரிந்தால் இன்னும் முனைப்பாகச் செய்வார்கள்.

அந்த ஊர் இளைஞர் மன்றத்தில் சுருளி என்று ஒருவன் இருந்தான். மன்றத்தின் கபடிக் குழுவில் அவனுக்கு நிரந்தரமான ஓர் இடம் உண்டு. அது கோட்டுக்கு வெளியே. மற்றவர்கள் ஆடும்போது அவர்களுடைய செருப்பையும் சட்டையையும் காப்பது அவன் வேலை. ஒரே ஒரு முறையாவது உள்ளே இறங்கி ஆடிவிட வேண்டும், அதைத் தன் மனைவி பஞ்சவர்ணம் பார்க்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசையே கிடையாது.

போன மழைக்காலத்தில், பூலாங்குளத்தாரோடு இறுதி ஆட்டம் நடக்க இருந்த அன்று, குழு மொத்தமும் ஃப்ளூ காய்ச்சலில் படுத்துக்கொண்டது. பூலாங்குளத்தார் வியர்க்காமல் ஜெயித்தார்கள். இந்த வருடமும் மழை வந்தது, இருமல் வந்தது, இறுதி ஆட்டமும் வந்தது.

"இந்தத் தடவை உன்னை இறக்குறேன்டா," என்றான் தலைவன் மொக்கச்சாமி. "ஆனா ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீ ஒரு இருமல்கூட இருமக் கூடாது. இருமுனா பழையபடி செருப்புப் பக்கம் போயிரணும்."

அன்றிலிருந்து சுருளி மூச்சைக்கூட யோசித்தே விட்டான்.

சுகாதார நிலையத்து நர்ஸ் தமயந்தி மன்றத்துக்கு வந்து பொறுமையாகச் சொன்னார். இருமல் வந்தால் முழங்கையை மடக்கி அதில் இருமுங்கள். கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். காய்ச்சல் வந்தவர்கள் தனி அறையில் இருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். அதை நம்பி அவர் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். பாவம், அந்த வட்டாரத்துக்குப் புதியவர்.

உடனே ஆலோசனை தொடங்கியது. மன்றத்தின் மூளை அறிவழகன். பத்தாம் வகுப்பைப் பலமுறை படித்தவன் என்பதால் மற்றவர்களைவிட அதிகம் படித்தவன்.

"முழங்கையில இருமச் சொன்னாங்க. சரி. யாரு முழங்கையில?" என்றான்.

"அவனவன் முழங்கையிலதான்," என்றான் சுருளி.

"நீ செருப்பைப் பாரு. அவனவன் கையில அவனவன் இருமுனா ஊர்ல எத்தனை கையில நோய் இருக்கும்? அத்தனை கைக்கும் யாரு காவல் இருக்கிறது? குப்பையைத் தெருவெல்லாம் கொட்டுவியா, ஒரே தொட்டியில கொட்டுவியா?"

"தொட்டியிலதான்," என்றான் மொக்கச்சாமி.

"அப்ப ஊருக்கு ஒரு முழங்கை போதும்."

இதில் யாராலும் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. யாரும் தேடவும் இல்லை. ஆட்டக்காரர்களுக்கு ஆள் பிடிக்கக் கை வேண்டும். செருப்புக் காக்கக் கண் போதும். எல்லாருடைய பார்வையும் சுருளியின் பக்கம் திரும்பியது.

"மாப்ளே, இது பதவிடா," என்றான் மொக்கச்சாமி. "முழங்கையாவும் இருந்துக்க, ஆட்டத்துலயும் இறங்கிக்க."

பதவி என்றதும் சுருளி இளகிவிட்டான். வீட்டுக்குப் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"இருமுறதுக்கு ஊர்ல வேற இடமே இல்லைன்னா உன்னைப் பிடிச்சானுக?" என்றாள் பஞ்சவர்ணம். "போய்க் கையைக் கழுவுய்யா."

"கழுவுனா இதுல இருக்கிறதெல்லாம் தண்ணியோட ஊருக்குள்ள ஓடிரும்டி. பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?"

மறுநாள் விடியும்போதே வாசலில் வரிசை நின்றது. தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா கையில இருமு, கண்ணு" என்று முதுகைத் தட்டினார்கள். வயலில் இருமல் வந்தவர்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு, வாயை இறுக மூடியபடி சைக்கிளில் பறந்து வந்தார்கள். இருமலே இல்லாத ஒருவர், நாளைக்கு வெளியூர் போவதாகச் சொல்லி முன்கூட்டியே இருமிவிட்டுப் போனார். வரிசையில் நல்லவர்களும் நோயாளிகளும் தோளோடு தோள் உரசி நின்று, ஊர் இப்போது எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டே நாளில் குழு முழுக்கக் காய்ச்சல் பரவியது.

"தனி அறையில இருக்கணும்," என்று நினைவுபடுத்தினான் அறிவழகன். ஊரில் தனியாக இருந்த ஒரே அறை மன்றத்து அறைதான். ஆகவே தனியாக இருப்பதற்காக எல்லாரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வெளியே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள, காய்ச்சல் இல்லாதவர்களும் உள்ளேயே உட்கார்ந்தார்கள். நர்ஸ் சொன்னபடி ஜன்னலைத் திறந்தார்கள். காற்று உள்ளே வந்தது. ஒரு மணி நேரம் கழித்து, "போதுமான அளவு வந்திருச்சு, வெளிய போறதுக்குள்ள சாத்துங்கடா" என்றான் மொக்கச்சாமி. சாத்தினார்கள்.

சனிக்கிழமை மாலை சுருளியின் தொண்டையில் ஏதோ ஊர்ந்தது. யாருக்கும் தெரியாமல் அறிவழகனைத் தனியே அழைத்தான்.

"அறிவு, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். எனக்கே இருமல் வந்தா நான் எங்க இருமுறது?"

"உன் முழங்கையில இருமக் கூடாது. அது இப்ப மன்றத்துச் சொத்து. சொந்த உபயோகத்துக்கு எடுத்தா அது கையாடல்."

"அப்ப?"

"வேற யாரு முழங்கையாவது பாரு."

சுருளி இருமலை விழுங்கினான். அன்றிரவும் விழுங்கினான், மறுநாள் காலையும் விழுங்கினான். ஒன்று வெளியே வந்தால் ஆட்டம் போய்விடுமே!

ஆட்டம் பூலாங்குளத்துத் திடலில். பஞ்சவர்ணம் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். நிற்கவே தள்ளாடிய ஒத்தக்கரட்டுக் குழுவோடு சுருளியும் களத்தில் நின்றான்.

மொக்கச்சாமி முதலில் பாடிப் போனான். "கபடி, கபடி, க..." இருமல் வந்துவிட்டது. பொறுப்பானவன் என்பதால் அப்படியே திரும்பி ஓடிவந்து சுருளியின் கையில் இருமினான். அடுத்தவனும் பாதி வழியில் திரும்பி வந்தான். அதற்கடுத்தவன் எதிரியைத் தொடுகிற நேரத்தில் திரும்பி வந்தான். பாட்டு அறுந்ததால் எல்லாரும் ஒவ்வொருவராக அவுட் ஆனார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஒத்தக்கரட்டுப் பக்கம் மிஞ்சியது சுருளி ஒருவன்தான்.

"போய்யா!" என்று கத்தினாள் பஞ்சவர்ணம்.

சுருளி போனான். நடுக்கோட்டைத் தாண்டியதும், விழுங்கி வைத்த இருமல்கள் எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு ஏறின. கண் பிதுங்கியது, முகம் கறுத்தது, "கபடி கபடி" மூக்கு வழியாக வந்தது. அவனுக்கு உடனே ஒரு முழங்கை வேண்டும். எதிரே ஏழு பேர், பதினாலு முழங்கைகள். கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தான்.

சுருளியின் கையைப் பற்றிய சேதி பஸ்ஸோடு பூலாங்குளத்துக்கும் போயிருந்தது. "ஐயோ, அந்தக் கைடா!" என்று ஒருவன் கோட்டுக்கு வெளியே குதித்தான். அவன் பின்னால் மற்றவர்களும் குதித்தார்கள். மூலையில் சிக்கிய அவர்கள் தலைவன் வேலியையே தாண்டிவிட்டான். ஏழு பேரும் அவுட். துரத்த ஆளில்லாத சுருளி, அதே மூச்சில் திரும்பி ஓடிவந்து நடுக்கோட்டைத் தொட்டான்.

வெற்றியை அறிவிக்க நடுவர் கையைத் தூக்கினார். கண்ணெதிரே அருமையான ஒரு முழங்கை. சுருளி அதைப் பிடித்து மடக்கி, சனிக்கிழமையிலிருந்து சேர்த்து வைத்த அத்தனையையும் இருமித் தீர்த்தான்.

ஒத்தக்கரட்டார் ஆரவாரத்தோடு அவனைத் தோளில் தூக்க ஓடினார்கள். அதற்குள், சேதி கேட்டு வந்த நர்ஸ் தமயந்தி ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். "அவரை யாரும் தொடாதீங்க! ஊர்க் காய்ச்சல் மொத்தமும் அந்த ஆள் மேலதான் இருக்கு!"

எல்லாரும் நின்றார்கள். ஜெயித்தவனைத் தூக்காமல் ஊருக்குக் கூட்டிப்போவது அவமானம். தொடுவதோ ஆபத்து.

"தூக்குறதுன்னா என்ன?" என்றான் அறிவழகன். "அவன் உசரத்துல இருக்கணும், நாம கீழ இருக்கணும். அவ்வளவுதான?"

ஊர் ரோட்டை ஒட்டியே வாய்க்கால் போகிறது. சுருளி ரோட்டில் நடந்தான். குழு முழுவதும், காய்ச்சலோடு, கொட்டுகிற மழையில் வாய்க்காலில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் கைகளைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு கூடவே நடந்தது. ரோட்டில் இருந்து பார்த்தால் தூக்கிப் போவது போலவேதான் இருந்தது.

பாதி தூரத்தில் மொக்கச்சாமிக்குப் பல் கிடுகிடுத்தது, மூச்சு வாங்கியது.

"முடியலடா, ரொம்பக் கனக்குறான்," என்றான். "கொஞ்ச நேரம் இறக்கி வச்சிட்டுப் போவோம்."

பாவம், அவர்களும்தான் எவ்வளவு நேரம் சுமப்பார்கள் என்று சுருளி ரோட்டோரத்தில் உட்கார்ந்துகொண்டான்.