ஆமா போட்ட பலவேசம்

உம் கொட்டுங்க பிள்ளைகளா. நீங்க உம் கொட்டினாத்தான் கதை நகரும். கொட்டுவீங்கல்ல? சரி.

ஒரே ஒரு ஊர்ல பூதலிங்கம்னு ஒரு வில்லுப்பாட்டுக்காரன் இருந்தான். வில்லை முன்னால வச்சு, ரெண்டு கோலால நாணை அடிச்சு அடிச்சுக் கதை பாடுவான். பக்கத்துல குடத்தைத் தட்டிக்கிட்டு பலவேசம் உட்கார்ந்திருப்பான். பூதலிங்கம் ஒவ்வொரு அடி பாடி முடிச்சதும் பலவேசம் "ஆமா"ன்னு சொல்லணும். "ராசா வந்தாராம்"னா "ஆமா." "குதிரை கனைச்சுதாம்"னா "ஆமா." இருபது வருசம் சொல்லிச் சொல்லி, இப்போ யார் எதைச் சொன்னாலும் அவன் வாயில முதல்ல ஆமாதான் வரும், அப்புறந்தான் யோசனை வரும். ஆனா ஒண்ணு, அவங்க பாடின கதையெல்லாம் கட்டினது பலவேசந்தான்.

பலவேசம் வீட்டுல நாலு பிள்ளைங்க. கறவை மாடு கிடையாது. ஒரு வாய் மோருக்குக்கூட அவன் பெண்டாட்டி ஆவுடை செம்பைத் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டு வாசல்ல போய் நிக்கணும்.

இப்படி இருக்கையில, ராசா தண்டோரா போட்டார். ரெண்டு நாள் பாட்டுத் திருவிழா, கரகம் எடுக்கிறவங்க வரலாம், பறை அடிக்கிறவங்க வரலாம், வில்லு அடிக்கிறவங்க வரலாம், ஜெயிச்சவங்களுக்குக் கன்னுக்குட்டியோட ஒரு எருமை!

"ஏலே பலவேசம், ஜெயிச்சா ஒருநாள் பால் உனக்கு, ஒருநாள் பால் எனக்கு, என்ன?"ன்னான் பூதலிங்கம்.

"ஆமா அண்ணாச்சி."

போனாங்க. கரகக்காரிங்க சுத்திச் சுத்தி ஆடினாங்க, பறைக்காரங்க வைக்கோல் தீயில தோலைக் காய்ச்சிக் காய்ச்சி அடிச்சாங்க, இவங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்குப் போன கழுதையோட கதையைப் பாடினாங்க. ராசா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார்.

"நீங்கதான் ஜெயிச்சீங்க! நாளைக்கு இன்னொரு கதை பாடி, மங்களம் சொல்லிட்டு எருமையை ஓட்டிக்கிட்டுப் போங்க. அது சரி, கதை கட்டினது யாரு?"

பூதலிங்கத்துக்கு நாக்கு புரண்டுபோச்சு. "நான்தான் மகாராசா."

பக்கத்துல இருந்து, "ஆமா!"

"இவன் யாரு?"

"என் குடத்தைச் சுமக்கிற ஆளு."

"ஆமா!"

"அப்போ எருமை?"

"முழுசும் எனக்குத்தான்."

"ஆமா!"

மூணு ஆமாவும் சொன்னப்புறந்தான் பலவேசத்துக்கு உறைச்சுது. வாயைப் பொத்தினான், இனி பொத்தி என்ன செய்ய?

கூட்டத்துல இருந்த ஆவுடை ஓடி வந்தா. "உங்க வாயைக் கொண்டுபோய் எந்தக் கிணத்துல போட? நாளைக்காவது 'இல்லை'ன்னு சொல்லுவீங்களா?"

"ஆமா."

"எங்க, இப்போ சொல்லுங்க பார்ப்போம்."

"ஆமா."

ஆவுடை தலையில அடிச்சுக்கிட்டா. அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, முந்தானை முடிச்சை அவிழ்த்து, எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்தா. "நாளைக்கு இதை வாயில அடக்கிக்கிட்டு உட்காருங்க. கரையிற வரைக்கும் வாயைத் திறக்கப்படாது."

மறுநாள் பூதலிங்கம் கோலை ஓங்கினான்.

"காட்டுல ஒரு நரியாம்!"

சத்தம் இல்லை.

"காட்டுல ஒரு நரியாம்!"

சத்தம் இல்லை.

"காட்டுலே... ஒரு... நரியாம்!"

பலவேசம் கன்னம் புடைக்க உட்கார்ந்திருந்தான். அவன் ஆமா சொல்ற நேரத்துலதான் பூதலிங்கம் மூச்சு வாங்குவான், அடுத்த அடியை நினைச்சுக்குவான். ஆமா வரலை, மூச்சு வரலை, அடியும் வரலை. நரி காட்டுலயே நின்னுபோச்சு.

"என்னவே, நரிக்குக் கால் சுளுக்கிட்டா?"ன்னார் ராசா.

"இந்தப் பய வாயைத் திறக்க மாட்டேங்கான் மகாராசா!"

"குடம் சுமக்கிற ஆளுதானே? அவன் வாய் உமக்கு எதுக்கு?"

பூதலிங்கத்துக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "அதானே! ஆமா சொல்றது ஒரு வேலையா? எந்தக் கழுதையும் சொல்லும்!"

ராசா கொஞ்சம் குறும்பு பிடிச்சவர். "அப்படியா? அப்போ நீரே சொல்லும், அவன் பாடட்டும். ஆனா ஒரு ஆமா தப்பினாலும் உமக்கு எருமை கிடையாது."

இடம் மாறினாங்க. கருப்பட்டியும் கரைஞ்சுபோச்சு. இனிச்ச வாயோட பலவேசம் கோலை எடுத்தான்.

"ஒரே ஊர்ல ஒரு பாட்டுக்காரனாம்!"

"ஆமா."

"அவனுக்குக் கதை கட்டத் தெரியாதாம்!"

பூதலிங்கம் முழிச்சான். எருமையைப் பார்த்தான். "ஆ...மா."

"கட்டினவன் பக்கத்துல இருந்தானாம்!"

"ஆமா."

"பாதிப் பால் உனக்குன்னு சொன்னானாம்!"

"ஆமா."

"ராசாகிட்ட வந்து மாத்திட்டானாம்!"

பூதலிங்கம் உதட்டை இறுக்கிக்கிட்டான். ஆனா கரகக்காரிங்க, பறைக்காரங்க, வேடிக்கை பார்க்க வந்தவங்க எல்லாரும் ஒரே குரல்ல, "ஆமா!"

"ஒண்ணு தப்பிட்டுதே வே,"ன்னு ராசா சிரிச்சார். எருமையும் கன்னும் பலவேசத்துக்கு. "நீர் அந்தக் குடத்தை ஊர் வரைக்கும் தலையில சுமந்துக்கிட்டுப் போம்."

முன்னால எருமை, அதுக்குப் பின்னால கன்னு, அதுக்குப் பின்னால பலவேசமும் ஆவுடையும், கடைசியில குடத்தோட பூதலிங்கம். வழியில மூணு ஊர். மூணு ஊர்லயும் கேட்டாங்க, "என்ன அண்ணாச்சி, குடம் சுமக்கிற ஆளா?"

மூணு ஊர்லயும் பூதலிங்கம் சொன்னான், "ஆமா."

அடுத்தவன் கட்டின பாட்டை என்னுதுன்னு சொன்னா அப்படித்தான் கழுத்து வலிக்கும். அங்கே பலவேசத்தோட நாலு பிள்ளைங்களும் மூக்கு வரைக்கும் நுரை ஒட்ட எருமைப்பால் குடிச்சுதாம்.

ஏ, உம் எங்கே? ஒருத்தரையும் காணோமே. உங்க வாயிலயும் கருப்பட்டியா?