ஒரு பானையில் லட்சம் மீன்

ரொம்ப காலத்துக்கு முன்னே, கழியும் கடலும் சேருகிற ஆழிக்கரை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், நாக்குதான் பொல்லாதது! மடவை மீனின் சினைமுட்டை என்றால் உயிரை விடுவார். "தினம் நூறு சினை மீன் வரணும்" என்பது உத்தரவு. மூன்று வருஷம் வந்தது. நாலாம் வருஷம் கடல் கையை விரித்துவிட்டது.

அரண்மனைச் சாமான்கள் இருக்கும் உக்கிராணத்தைப் பார்த்துக்கொண்ட தாண்டவராயர் சும்மா இருப்பாரா? "மீனவக் குப்பத்து ஆட்கள் மீனை ஒளிக்கிறார்கள், பிரபு!" என்று பற்றவைத்தார்.

"நாளைக்கு நூறு வரணும். இல்லையென்றால் குப்பமே காலி!" என்றார் ராஜா.

குப்பத்து மீன்காரி கன்னியம்மா எல்லாரையும் வலையோடு கிளப்பினாள். பிள்ளைகுட்டிகளோடு எங்கே போவது? ஊரே வலை போட்டும் மாட்டியது ஒரே ஒரு சினை மடவை. அதை உயிரோடு பானைத் தண்ணீரில் விட்டு, சபைக்குச் சுமந்து போனாள்.

தாண்டவராயர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நூறு கேட்டால் ஒன்றா?"

"லட்சம் இருக்குங்க ஐயா. சந்தேகமா இருந்தா, உங்க உக்கிராணத்துல உப்புப் போட்ட சினை இருக்குமே, அதுல ஒரு சிட்டிகை எடுத்து எண்ணிப் பாருங்க."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "எண்ணும்!" என்றார்.

தாண்டவராயர் தட்டில் தண்ணீர் விட்டுப் பிரித்து எண்ணினார், எண்ணினார், வெயில் உச்சிக்கு ஏறியது. "எண்ணூற்று... ஐயோ, தும்மிவிட்டேன் பிரபு, மறந்துபோச்சு!"

சபை சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனையும் மீனாகியிருக்குமா, அம்மா?"

"முக்கால்வாசி பிழைச்சிருக்காதுங்க. பிழைச்சது எங்க பிள்ளைங்களுக்குச் சோறாகியிருக்கும். உங்களை மட்டும் சொல்லலை மகாராஜா. நீங்க கேட்டீங்க, நாங்களும் யோசிக்காம வாரிக்கொண்டுவந்து கொடுத்தோம்."

ராஜா எழுந்தார். பானையைத் தாமே தூக்கிக்கொண்டு முகத்துவாரம் வரை நடந்து, மடவையைத் தண்ணீரில் விட்டார். சினைக் காலத்தில் அங்கே வலை விழக்கூடாது, அந்த நாட்களில் குப்பத்துக்கு அரண்மனை நெல் என்று அறிவித்தார். வருஷாவருஷம் காவலுக்குத் தாண்டவராயர்! பாவம், கொசுக்கடியில் மனுஷர் பாதியாகிவிட்டார்.

மூன்று வருஷம் ராஜா கத்தரிக்காய்தான் சாப்பிட்டார். அதற்கப்புறம் ஒருநாள் கன்னியம்மா ஒரு கொழுத்த மடவையோடு வந்தாள். ராஜா ஆசையாகப் புரட்டிப் பார்த்தார்.

"சினை எங்கே, அம்மா?"

"கடல்ல இருக்குங்க, மகாராஜா."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தபடி இலையைப் போடச் சொன்னார்.