எட்டாவது துணி

போடிநாயக்கனூரில் ஜீப்புகள் சாவதில்லை. என்ஜின் மாறும், பெட்டி மாறும், முதலாளியே மாறுவார். நம்பர் பலகை மட்டும் அப்படியே இருந்து மலை ஏறிக்கொண்டிருக்கும். அப்படிப் பிழைக்க வைக்கிறவர்களில் ஒருவர் மீரான் பாய். அவருடைய பட்டறை மூணாறு ரோட்டில் இருந்தது.

பாயிடம் தொழில் கற்றவர்கள் இரண்டு பேர். சென்றாயன் வந்து பதினோரு வருஷம். பாய்க்கும் அவனுக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம், ஆனாலும் பாய் முன்னால் அவன் பீடி பற்றவைக்க மாட்டான். பவுன்ராஜ் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஸ்பானர் பிடிக்க வந்து மூன்று வருஷம்.

பாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பழைய கைலி ஒன்றை எடுத்து ஏழு துண்டாகக் கிழிப்பார். கை துடைக்க, எண்ணெய் துடைக்க, கழற்றிய குழாயின் வாயில் தூசி போகாமல் அடைத்து வைக்க, எல்லாவற்றுக்கும் அந்தத் துணிதான். சென்றாயனுக்கு நாலு, பவுன்ராஜுக்கு மூன்று. சாயங்காலம் ஏழும் தகர டப்பாவுக்குத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் ஷட்டர் இறங்காது. கந்தலை எண்ணிப் பூட்டுகிற ஆள் என்று ஊரில் அவருக்குக் கேலி உண்டு. பாய் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அந்த மாசி மாதம் ஜக்கையன் தன் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டான். இருபத்தாறு வருஷத்து டீசல் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும், ஆனால் மேட்டில் மூச்சு வாங்கும். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பன்னிரண்டு பெண்களை ஏற்றிப் போகிறவன் அவன். கடைசி ஏற்றம் வந்தால் நாலு பேரை இறக்கி நடக்கவிட வேண்டியிருந்தது.

"டர்போ மாட்டிருங்க பாய். பொம்பளைக திட்டு தாங்க முடியல."

பாய் யோசித்துவிட்டுச் சரி என்றார். டர்போவோடு பிறக்காத என்ஜின் அது. எண்ணெய் போகும் வழி, திரும்பி வரும் வழி, காற்றுக் குழாய், எல்லாவற்றையும் புதிதாகக் கையால் செய்ய வேண்டும். அந்தப் பக்கத்தில் யாரும் அதுவரை செய்ததில்லை. வேலை தனக்குத்தான் வரும் என்று சென்றாயன் வீட்டில்கூடச் சொல்லிவிட்டான்.

கோயம்புத்தூரிலிருந்து டர்போ இருந்த பெட்டி வந்தது. பாய் அதைப் பிரிக்காமல் எடுத்துப் பவுன்ராஜ் கையில் கொடுத்தார்.

சென்றாயன் அன்று மத்தியானம் வரை பொறுத்தான். அதற்கு மேல் முடியவில்லை.

"பாய், நான் இங்க பதினோரு வருஷமா இருக்கேன்."

"ஆமா."

"அவன் வந்து மூணு வருஷம்."

"மூணு வருஷம், ரெண்டு மாசம்."

"பெறகு ஏன் அவங்கிட்ட குடுத்தீங்க?"

பாய் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்தார்.

"வேலை முடியட்டும், சொல்றேன். நீ அந்த கியர் பாக்ஸை அவன் பக்கத்துல இழுத்துப் போட்டுப் பாரு."

"அங்கயேவா?"

"அங்கயே."

தன்னை அவமானப்படுத்தத்தான் இது என்று சென்றாயன் நினைத்தான். பவுன்ராஜ் புது டர்போவைக் கையில் ஏந்தி நிற்க, இரண்டு முழம் தள்ளி அவன் உட்கார்ந்து பழைய கியர் பாக்ஸின் அழுக்கைச் சுரண்டினான். பொறாமை என்றால் அப்படி ஒரு பொறாமை. பவுன்ராஜ் போல்ட் முடுக்கினால் இவனுக்குப் பல் கூசியது. அவன் விசில் அடித்தால் இவன் சுத்தியலை எடுத்துக் காரணமில்லாமல் எதையாவது தட்டினான். அவன் வேலையில் பிசகு ஏதாவது கிடைக்காதா என்று மூன்று நாளும் கண்ணை எடுக்காமல் பார்த்தான். பிசகு கிடைக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் ஜக்கையன் எட்டிப் பார்க்க வந்தான்.

"இது எப்பிடி பாய் வேலை செய்யும்?"

"வெளிய போற புகை இதோட சக்கரத்தைச் சுத்தும். அது சுத்தினா காத்தை உள்ள இழுத்துக் குடுக்கும். காத்துக் கெடைச்சா டீசல் முழுசா எரியும்."

"அப்ப புகையிறது கொறையுமா?"

"கொறையும்."

"அப்பிடின்னா சென்றாயனுக்கும் ஒண்ணு மாட்டி விடுங்க பாய். மூணு நாளா புகைஞ்சுக்கிட்டே இருக்கான்."

பவுன்ராஜ் வண்டிக்கு அடியிலிருந்து சிரித்தான். பாய்கூட மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. சென்றாயன் சிரிக்கவில்லை.

அப்போது பவுன்ராஜ் எண்ணெய் திரும்பும் குழாயைப் பொருத்தப் போனான். டர்போவின் அடியிலிருந்து எண்ணெய் தானாக என்ஜினுக்கு இறங்குவதற்கான ரப்பர் குழாய் அது. பக்கத்தில் அரம் போட்டுக்கொண்டிருந்ததால், இரும்புத் தூள் விழாமலிருக்க அதன் மேல் வாயில் ஒரு துணியை உள்ளே தள்ளி அடைத்திருந்தான். ஜக்கையன் குனிந்து அவனோடு பேச்சுக் கொடுத்தான்.

"பவுனு, ஒனக்கு ராசியான கைடா. பாய்க்கு அடுத்து நீதான்."

பவுன்ராஜ் வெட்கத்தோடு ஏதோ பதில் சொல்லிக்கொண்டே, மல்லாந்து படுத்தபடி குழாயை மேலே ஏற்றி, கிளாம்பு போட்டு முடுக்கினான். துணியை எடுக்கவில்லை.

சென்றாயன் பார்த்தான். வாயைத் திறந்தான்.

பாய்க்கு அடுத்து நீதான். அந்தச் சொல் இன்னும் காதிலேயே நின்றது. திறந்த வாயை மூடிக்கொண்டு கியர் பாக்ஸுக்குத் திரும்பினான்.

எண்ணெய் திரும்ப வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தேங்கிய எண்ணெய் காற்றோடு சேர்ந்து என்ஜினுக்குள் போகும். டீசல் என்ஜின் தன் எண்ணெயையே குடித்து வெறிபிடித்து ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கொண்டை ஊசி வளைவில் அப்படி ஆனால் வண்டி யார் பேச்சையும் கேட்காது.

இல்லை, அவ்வளவு தூரம் போகாது. பட்டறைக்குள் ஸ்டார்ட் பண்ணும்போதே புகையடிக்கும், பவுன்ராஜ் மூக்கறுபடுவான், அதோடு முடிந்தது. சென்றாயன் தனக்குத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு டப்பா வெளியே வந்தது. பவுன்ராஜ் இரண்டு துணியைப் போட்டுவிட்டுச் சட்டைப் பையைத் தடவினான். இடுப்பைத் தடவினான். பிறகு குனிந்து தரையைத் தேடினான்.

"இன்னொண்ணு எங்க?" என்றார் பாய்.

"இங்கனதான் பாய் இருந்துச்சு."

சென்றாயன் கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனான். தன் நாலு துணியில் ஒன்றை இரண்டாகக் கிழித்தான். திரும்பி வந்து ஐந்தையும் டப்பாவில் போட்டான்.

"ஒன்னோடது ஒண்ணு எங்கிட்ட வந்துருச்சுடா."

"நல்லவேளைண்ணே. உசுரு வந்துச்சு."

பாய் எண்ணினார். ஐந்தாவது துணியை மட்டும் கொஞ்சம் விரித்துப் பார்த்தார். மடித்து உள்ளே வைத்தார்.

"ஏழு" என்றார். "மூட்டுல தடவுன பேஸ்ட் காயட்டும். காலையில ஓட்டிப் பாக்கலாம்."

"பாய், வேலை முடிஞ்சதும் சொல்றேன்னீங்களே" என்றான் சென்றாயன்.

"முடிஞ்சிருச்சா?"

ஷட்டர் இறங்கியது.

வீட்டில் குழம்பில் உப்பு சரியாக இருந்தும் மனைவியோடு சண்டை போட்டான்.

காலையில் பட்டறைக்கு எதிரே டீக்கடையில் அந்தப் பன்னிரண்டு பெண்களும் தூக்குவாளியோடு நின்றார்கள். ஜக்கையன் அவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு ஒருத்தியும் எறங்கி நடக்க வேண்டாம். ஒரே இழுவைல மேல போயிரலாம்."

"பாய், வெரசா ஓட்டிப் பாத்துட்டு வாங்க. நேரமாச்சுன்னா கங்காணி வைவாரு" என்று ஒருத்தி சத்தம் போட்டாள்.

சென்றாயனுக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டறைக்குள் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் பேச்சே இல்லை. பாய் முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பவுன்ராஜ் பின்னால் ஏறிவிட்டான்.

பாய் சாவியை நீட்டினார். சென்றாயனிடம்.

"நீ ஓட்டு. நேரா மலைக்கு விடு. மூணாவது கொண்டை ஊசி வரைக்கும் போய்த் திரும்புவோம். வந்ததும் பொம்பளைகளை ஏத்திக்கட்டும்."

"நானா பாய்?"

"நீதான்."

சென்றாயன் ஏறி உட்கார்ந்தான். சாவியைப் போட்டான். திருப்பவில்லை. பக்கத்தில் பாய் எதையும் பிடித்துக்கொள்ளாமல், மடியில் கை வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே பெண்கள் நின்றார்கள். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் பவுன்ராஜின் முகம் தெரிந்தது. அதில் பெருமையைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அதைச் சென்றாயன் மூன்று நாளும் பார்க்கவேயில்லை.

"பாய், எறங்குங்க."

"ஏன்?"

"எறங்குங்க பாய்."

"வண்டி சரியாத்தான இருக்கு? ஏழு துணியும் வந்துருச்சுல்ல."

சென்றாயன் குதித்து இறங்கினான். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். கிளாம்பைத் தளர்த்தினான். குழாயை உருவி, உள்ளே விரலை விட்டு இழுத்தான். நீலக் கட்டம் போட்ட துணி சுருண்டு வந்து அவன் நெஞ்சில் விழுந்தது.

பின்னாலேயே இறங்கி வந்த பவுன்ராஜ் அதைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மறந்துட்டேண்ணே. சத்தியமா மறந்தே போயிட்டேன். நீ மட்டும் பாக்கலைன்னா இன்னிக்கு மூணு பேரும் போயிருப்போம். அதுக்கு மேல அந்தப் பொம்பளைக..." சென்றாயனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஒன்னைய மறக்கவே மாட்டேண்ணே."

அந்த நன்றியைத் தாங்குவதற்குப் பதில் அவன் நாலு அறை அறைந்திருக்கலாம் என்று சென்றாயனுக்குத் தோன்றியது.

"பவுனு, போய் மூணு டீ சொல்லிட்டு வா" என்றார் பாய்.

பவுன்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தான்.

பாய் தகர டப்பாவை எடுத்துவந்து ஜீப்பின் பானட் மேல் கவிழ்த்தார். ஒவ்வொன்றாக விரித்து வைத்தார். சென்றாயன் கையிலிருந்த துணியையும் வாங்கி வரிசையில் சேர்த்தார்.

"எண்ணு."

சென்றாயன் எண்ணினான்.

"எட்டு பாய்."

"நான் கிழிச்சது?"

"ஏழு."

பாய் அவற்றில் சிறியதாக இருந்த இரண்டை எடுத்தார். கிழிந்த ஓரத்தோடு ஓரம் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டார். கட்டத்தோடு கட்டம் சேர்ந்தது.

"பாய், நான் நேத்தே..."

"தெரியும்."

"பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் பாய்..."

டீக்கடையில் பவுன்ராஜ் அந்தப் பெண்களிடம் இவன் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் எல்லோரும் திரும்பி இவனைப் பார்த்தார்கள். சென்றாயன் தலையைக் குனிந்துகொண்டான்.

பாய் துணிகளை மறுபடி டப்பாவுக்குள் போட்டார்.

"அவங்கிட்ட ஏன் குடுத்தேன்னு கேட்டேல்ல?"

சென்றாயன் நிமிரவில்லை.

"மொதத் தடவை செய்றவன் எதையாவது மறப்பான்னு எனக்குத் தெரியும்ப்பா. பக்கத்துல நீ இருக்கியேங்குற தைரியத்துலதான் குடுத்தேன்."